துக்கத் தேவ இரகசியங்கள், பி பக்கம்

டுப். டுப்-டுப். ச்சிக். மூன்று வீடு தள்ளி யாரோ மாவாட்டுகிறார்கள் என்றுதான் இமெல்டா முதலில் நினைத்தாள், ஆனால் கரண்டு போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது, கரண்டில்லாமல் யார் மாவாட்டுவார்கள், திருடனாக இருக்குமோ, மணி ஏழு பத்துதான் ஆகிறது, இந்நேரத்துக்கு எந்தத் திருடன் வருவான், அவனும் வீட்டில் நாலு இட்லி தின்றுவிட்டுத்தானே தொழிலுக்குக் கிளம்புவான், அப்படியானால் பல்லி, பல்லி இப்படியா சொல்லும், அதுவும் தாளம் தப்பாமல். தோளில் கிடந்த ஏழு மாசக் குழந்தை ஜோவிட்டாவின் முதுகில் காதை வைத்துப் பார்த்தாள். பிள்ளைக்கு விக்கல்கூட இல்லை. விழித்துக்கொண்டு இருட்டைப் பார்த்து ப்ர்ர்ர் என்று எச்சில் ஊதிக்கொண்டிருந்தது. இதைப் பெற்றதிலிருந்து இவளுக்குப் பயம் இரட்டிப்பு. குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் பயம், இரண்டோடு நிறுத்திக்கொண்டால் அதைவிடப் பயம், பிள்ளை அழுதால் பயம், அழாமல் தூங்கினால் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிற பயம். ஒரு ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். கடைசியில் புருஷன் ஜெர்வாஸ், "தாழ்ப்பாளுக்கே உறக்கம் வருது, விட்டுத் தொலை" என்று போர்வைக்குள்ளிருந்து கத்துவான். அவன் இப்போது துறைமுகத்தில் கிரேனுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான், பத்து மணிக்குத்தான் இறங்குவான். மாமா கோயிலில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பாடகர் குழுவை வைத்துக்கொண்டு ஓணான் பிடிக்கிறார். மாமி பின்கட்டு அறையில் ஜெபத்தில் இருக்கிறாள். மாமி ஏழிலிருந்து எட்டு வரை ஜெபத்தில் இருப்பாள், அந்த ஒரு மணி நேரம் தூத்துக்குடியே தீப்பிடித்தாலும் அந்தக் கதவைத் தட்டக்கூடாது, அது இந்த வீட்டின் பதினோராம் கட்டளை. டுப். டுப்-டுப். ச்சிக். மறுபடியும். இந்தத் தடவை அந்தச் ச்சிக்கில் கொஞ்சம் காற்று ஒழுகியது, பல்லில்லாத வாய் மாதிரி, ஆனாலும் அந்த டுப்புக்கும் டுப்புக்கும் நடுவிலே ஒரு மூச்சு விட்டுப் பிடிப்பது இருக்கிறதே, அது, ஐயோ மாதாவே, அது டெல்பினுடைய வாய்த் தாளம்.

டெல்பின் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள், அவள் வாய் எப்படி இங்கே வரும், வாய் வரவில்லை, காசெட் வந்திருக்கிறது, பதினான்கு வருஷம் கழித்து அது வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு பி பிரிவில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் டெல்பினும் இவளும். டெல்பினுடைய அண்ணன் ரெமிசன் கப்பலில் சமையல்காரன், எந்தெந்தத் துறைமுகத்திலோ இறங்கி, டீ சர்ட்டும் சாக்லெட்டும் வாங்குகிற காசில் ஹிப் ஹாப் காசெட்டாக வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் செமத்தியாக ஏச்சு வாங்குவான். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் திட்டுகிறார்கள் என்பது புரியும். தாளத்தோடு, மூச்சு விடாமல், தலை நிமிர்ந்து திட்டுகிறார்கள். "இதையெல்லாம் வெட்டி ஒட்டி, நடுவுல நம்ம சரக்கையும் சேர்த்தா அதுக்குப் பேரு மிக்ஸ்டேப்பு" என்று ரெமிசன் அண்ணன் சொன்னதுதான் தாமதம். புதுக் காசெட் வாங்கக் காசு ஏது, வகுப்பு அலமாரியில் ஜெபமாலைக் காசெட் இருந்தது, துக்கத் தேவ இரகசியங்கள், மேலே அழகான எழுத்தில் திருமதி ஸ்டெல்லா என்று பெயர். பதிந்ததை யாரும் அழித்துவிடக் கூடாது என்று காசெட்டின் தலையில் இரண்டு ஓட்டை விட்டிருப்பார்கள், அதை மாதா கெபியில் எரிந்த மெழுகுதிரியின் மெழுகை வைத்தே அடைத்தார்கள், மந்திரித்த மெழுகு, அது தனிப் பாவம். மதியச் சாப்பாட்டு நேரம், பாட்டு அறை, டேப் ரிக்கார்டர், சிவப்புப் பொத்தான். டெல்பின் வாயால் டுப் டுப் என்று ஆரம்பித்துக் கையைக் காட்ட, இமெல்டா மைக்கைப் பிடித்து முதலில் என்ன சொன்னாள்? இதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. பேச்சுப் போட்டிக்குப் போய்ப் போய் ஊறிய நாக்கு. "மரியாதைக்குரிய நடுவர்களே, ஆசிரியர்களே, அன்புத் தோழிகளே, என் பெயர் இமெல்டா, பத்தாம் வகுப்பு பி பிரிவு, ரோல் நம்பர் இருபத்து மூன்று." உலகத்தில் எவளாவது திட்டப் போகிற இடத்தில் ரோல் நம்பர் சொல்வாளா? கொலைகாரன்கூடக் கத்தியில் விலாசம் எழுதி விட்டுவிட்டு வருவதில்லை. அப்புறம் ஆரம்பித்தாள், தையல் டீச்சர் ஸ்டெல்லா மிஸ்ஸைப் பற்றி, வாசலில் மர ஸ்கேலோடு நின்று முழங்காலுக்குக் கீழே நாலு விரல் பாவாடை இருக்கிறதா என்று அளக்கிற ஸ்டெல்லா மிஸ்ஸைப் பற்றி:

ஸ்டெல்லா மிஸ் ஸ்டெல்லா மிஸ், ஸ்கேலு எங்கே மிஸ்?
பாவாடைக்கு அளவெடுக்கும் போலீஸு நீங்க மிஸ்!
மோட்சத்துக்குப் போனாலும் வாசல்லயே நின்னு
சம்மனசுங்க சிறகைக்கூட அளப்பீங்க மிஸ்!
உங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வரப்போறவ பாவம்,
அவளுக்காகச் சொல்லிருவோம் ஐம்பத்து மூணு மணி ஜெபம்!

ஜெபமாலையை உருட்டி அந்த ஐம்பத்து மூன்று மணி ஜெபத்தைச் சொல்லியிருக்கலாம். சும்மா பாட்டுக்குச் சொன்னதுதானே என்று விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால் ஒருவேளை பலித்து வேறு எவளாவது வாக்கப்பட்டிருப்பாள். காசெட்டை ஒளிக்க டெல்பின் கண்டுபிடித்த இடம் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் குடில் பெட்டி, வைக்கோலுக்கு அடியில், "டிசம்பர் முடிஞ்சதும் எடுத்துக்கலாம், அதுவரைக்கும் பாலன் இயேசு பாத்துப்பாரு" என்றாள். ஜனவரியில் போய்ப் பார்த்தால் பாலன் இருந்தார், மாடு இருந்தது, கழுதைக்கு ஒரு காது இல்லை, காசெட் இல்லை. பள்ளியை விட்டு வந்த பிறகும் விடாமல் மூன்று டிசம்பர் பழைய மாணவி என்ற உரிமையில் குடில் கட்டும் வேலைக்குத் தானாகப் போய் ஒவ்வொரு ஆட்டையும் தூக்கி அடியில் பார்த்தாள். சிஸ்டருக்குப் பூரிப்பு, "இமெல்டாவுக்கு என்ன ஒரு பக்தி பாருங்க". ரெமிசன் அண்ணன் வீட்டுப் பரணில் ஏறினாள், அங்கே தேள் இருந்தது. பழைய காசெட் விற்கிறவனிடம் மூட்டை மூட்டையாகக் கிளறினாள், "என்ன பாட்டும்மா வேணும்?" என்று கேட்டவனிடம் துக்கத் தேவ இரகசியங்கள் என்று சொல்ல, அவன் எழுந்து நின்று மூட்டையையே இலவசமாகக் கொடுத்துவிட்டான். எதற்காகத் தேடினாள் என்று அப்போது கேட்டிருந்தால் சும்மா ஆசைக்கு என்றிருப்பாள். தன் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும், எதற்கும் பயப்படாத அந்தக் குரலை, அவ்வளவுதான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல உயரம், துறைமுகத்தில் வேலை, பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா படியேறி வந்தாள், இவள் காப்பித் தட்டோடு நிமிர்ந்தால் ஸ்டெல்லா மிஸ். காப்பி சாஸரில் குளமாகியது. கண் முதலில் போனது தன் பாவாடை விளிம்புக்கு, அன்றைக்குக் கட்டியிருந்தது சேலை. அதற்கப்புறம் தேடியது ஆசைக்கு அல்ல, உயிருக்கு.

இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் மாமி ஒரு கடிந்த வார்த்தை சொன்னதில்லை, அதுதான் இன்னும் கிலி. கல்யாணப் பூசையில் மாமி நெற்றியில் சிலுவை போட்டபோது இவள் "தேங்க்யூ மிஸ்" என்றுவிட்டாள், கோயிலே சிரித்தது, மாமி சிரிக்கவில்லை, கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தாள், சாக்பீஸ் எறிவதற்கு முன்னால் பார்க்கிற அதே பார்வை. காசெட் கிடைத்தால் என்ன ஆகும் என்று இமெல்டா பல விதமாக ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மாமி ஒன்றும் சொல்ல மாட்டாள், மாமாவிடம் கொடுப்பாள், மாமா பாடகர் குழுவிடம் போட்டுக் காட்டுவார், பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொல்வார், பெயர் எதற்கு, ரோல் நம்பரே இருக்கிறதே. ஜெர்வாஸ் கிரேனிலிருந்து இறங்கவே மாட்டான். பிறகு ஒருநாள் இந்த ஜோவிட்டா பெரியவளாகி, அம்மா நீ பாட்டியை இப்படிப் பாடினாயா என்று கேட்கும். டுப். டுப்-டுப். இப்போது ஓடிப் போய் வாசல் கதவைத் திறந்து தெருவில் நின்றுவிடலாம், ஆனால் வாசலில் நாய் படுத்திருக்கும், நாயா மாமியா, நாய் குரைக்கத்தான் செய்யும், மாமி? பிள்ளையைத் தோளில் இறுக்கிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு, இவள் கால் என்னவோ பின்கட்டுப் பக்கம்தான் போனது. அடுக்களை. தண்ணீர்க் குடம், முட்டி இடித்தது, ஐயோ, சத்தம் போடக் கூடாது. தினமும் ஏழு மணிக்கு மின்விசிறி கடகடவென்று சுற்றும், மிக்சி ஓடும், பக்கத்து வீட்டு டிவி அலறும், இத்தனை நாளும் இது இங்கேயே இருந்திருக்கிறது, கரண்டு போகப் போய்த்தான் காதில் விழுந்திருக்கிறது. அப்படியானால் எத்தனை நாள்? எத்தனை நாளாக மாமி இதைக் கேட்ட காதோடு இவளுக்குப் பத்தியச் சோறு போட்டாள், எத்தனை நாளாக "உளுந்தங்களி குடி, இடுப்பு பலப்படும்" என்றாள்? பின்கட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அந்தக் கதவுக்கு எப்போதுமே தாழ் விழாது, உப்புக் காற்றில் கதவு இறங்கிப்போய்த் தாழ்ப்பாளும் துளையும் ஒன்றையொன்று பார்த்தே அஞ்சு வருஷம் ஆகிறது, தாழ் போடாத அறையில் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று இவள் அங்கே ஒருநாளும் படுத்ததில்லை. இடுக்கு வழியே மெழுகுதிரி வெளிச்சம். மாதா சுரூபம். அதற்கு முன்னால் முக்காடு போட்ட மாமியின் முதுகு. மடியில் பாட்டரியில் ஓடுகிற பழைய டேப் ரிக்கார்டர்.

"...சம்மனசுங்க சிறகைக்கூட அளப்பீங்க மிஸ்!" என்றது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிள்ளை. யார் இது, எவ்வளவு திமிர், எவ்வளவு சந்தோஷம், இந்தக் குரலையா இத்தனை வருஷம் ஆட்டுக்கு அடியில் தேடினோம், இது எங்கே போயிற்று, எந்தக் குக்கர் விசிலில், எந்தத் தாழ்ப்பாளில் போயிற்று. டக். மாமி நிறுத்திவிட்டாள். காசெட்டை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, திருப்பிப் போட்டாள். பி பக்கம். பி பக்கத்தில் பழைய ஜெபமாலை தவிர ஒன்றும் இல்லையே, மணி அடித்துவிட்டது என்று பாதியில் விட்டார்களே. சிவப்புப் பொத்தானின் மேல் மாமியின் விரல் போனது. தொண்டையைச் செருமினாள். பிறகு, முப்பத்து மூன்று வருஷம் தையலும் நன்னெறியும் எடுத்த வாயைக் குவித்து, மாமி, டுப், டுப்-டுப், ச்சிக் என்றாள். ஓட்டைப் பல் வழியே காற்று ஒழுகியது. அப்போ டெல்பின் இல்லை, இவ்வளவு நேரமும் இது மாமிதான். மாமிக்குப் பேய் பிடித்திருக்கிறது, ஜெபத்திலேயே பிடித்திருக்கிறது, மாமா வந்ததும் சாமியாரைக் கூட்டி வந்து, என்று இவள் நினைத்து முடிப்பதற்குள் மாமி தாளத்தை விட்டுவிட்டு வகுப்புக் குரலில் ஆரம்பித்தாள்:

ரோல் நம்பர் இருபத்து மூணு, எழும்பி நில்லு!
நீ சுட்ட தோசையைக் கடிச்சு ஆடுது என் பல்லு!

"பிரசன்ட் மிஸ்" என்றாள் இமெல்டா.

அவள் சொல்லவில்லை, அவள் வாய் சொன்னது, பத்து வருஷம் பழக்கின வாய், ரோல் நம்பரைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லும். கால் தானாகச் சேர்ந்து நின்றது. மாமி திரும்பினாள். மெழுகுதிரிக்கு மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே கண். இவ்வளவுதான், முடிந்தது, மஸ்கட்டுக்கு டிக்கெட் எவ்வளவு இருக்கும், டெல்பின் வீட்டில் கைப்பிள்ளையை வைத்துக்கொள்ள விடுவார்களா.

"ஏன் அங்கன நிக்க? உள்ள வா."

"மிஸ்... மாமி... அது வந்து... நான் சின்னப் பிள்ள, தெரியாம..."

"தெரியாமலா? பேரு, கிளாஸு, ரோல் நம்பரு எல்லாம் சொல்லிட்டுத் தெரியாமன்னு சொல்லுத."

"எப்போ... எப்போ கிடைச்சுது மாமி?"

"அந்த ஜனவரியே. குடில் சாமான் பெட்டிக்கு யாரு பொறுப்புன்னு நினைச்ச? சூசையப்பரா?" மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "அன்னைக்கி ஜெபமாலை சொல்லலாம்னு போட்டேன். மொதல் இரகசியம் கெத்சமனித் தோட்டம் வரும்னு பாத்தா நடுவர்களேன்னு ஒருத்தி வாரா. மொதல்ல அழுதேன். ஒரு நாள் பூரா அழுதேன். பிறவு அந்தச் சம்மனசு வரி வந்துச்சா, சிரிச்சுட்டேன். சிரிச்சப்பறம் எப்பிடிட்டி அடிக்க?"

பதினான்கு வருஷம். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காப்பித் தட்டு, சாஸரில் குளம். "தெரிஞ்சுமா பொண்ணு பாக்க வந்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் வந்தேன். எம் பின்னால பேசினவளுக முன்னூறு பேரு இருப்பாளுவ, கழிவறைச் சுவத்துல எழுதினவளுக தனி. மூஞ்சிக்கு நேரா நம்பர் போட்டுத் திட்டினவ நீ ஒருத்திதான். எம் பையன் வாயில்லாப் பூச்சி, இப்பிடி ஒரு வாய் வீட்டுக்கு வேணும்னு நினைச்சேன். வந்த பிறவு பாத்தா, வாயைக் காணோம். ரெண்டு வருஷமா ஆமா மாமி, சரி மாமி, தாழ் போட்டாச்சா மாமி. எங்கட்டி போட்ட அந்த வாயை?"

இமெல்டா மாமியை இதுவரை இவ்வளவு பேசவிட்டுப் பார்த்ததில்லை, மாமியும் இவளைப் பேசவிட்டுப் பார்த்ததில்லை, இரண்டு பேரும் இரண்டு அறையில் ஒரே காசெட்டுக்கு ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். ஜோவிட்டா மெழுகுதிரியைப் பார்த்து ப்ர்ர்ர் என்றது.

"பதில் பாட்டு எழுதுதேன்" என்றாள் மாமி, வீட்டுப்பாடம் கொடுக்கிற மாதிரி. "அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். அதானே முறை? ஆனா தாளம் போட்டா வார்த்தை நிக்குது, வார்த்தை சொன்னா தாளம் நிக்குது. ஒரு வாயி, அதுலயும் ஒரு பல்லு கெடையாது. கேளு:

பல்லியப் பாத்தா கட்டில் மேல, பூனையப் பாத்தா மேசை மேல,
பாவாட அளந்த ஸ்கேலு இன்னும் பத்திரமா பீரோ மேல!
வாக்கப்பட்டு வந்தவ பாவமா? வாச்சுக்கிட்ட நான் பாவமா?

இதுக்கு மேல வர மாட்டேங்கு. ரெண்டு வருஷமா அந்தக் கேள்வியிலயே நிக்கேன்." சொல்லிவிட்டு மாமி மாதாவைப் பார்த்தாள், இவளைப் பார்க்கவில்லை.

பாவமா? இமெல்டா யோசித்தாள். பிரசவ அறைக்கு வெளியே ஒன்பது மணி நேரம் நின்றது இந்த மாமிதான், உள்ளே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை "நைட்டி முழங்காலுக்கு மேல ஏறியிருக்கு". இதில் எதைப் பாவத்தில் சேர்ப்பது. நாக்கின் நுனியில் ஒரு வரி வந்து நின்றது, பதினான்கு வருஷம் கழித்து, முகவரி தவறாமல்.

"தோசை வரி நியாயமில்ல மாமி" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. "மாவு ஆட்டினது நீங்க. உளுந்து போடச் சொன்னா அளந்து அளந்து ஒரே ஒரு கைப்பிடி போட்டீங்க. பல்லு ஆடாம என்ன செய்யும்?"

மாமியின் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது. வாயின் ஓரத்தில் அந்த இல்லாத பல் தெரிந்தது. "இந்தா, வந்துட்டுல்ல வாயி" என்றாள். "அதை உன் முறை வரும்போது சொல்லு. இப்போ டெல்பின் எடம் காலி. தாளம் போடு."

வெளியே வாசல் கம்பிக் கதவு கிரீச்சிட்டது. மாமாவின் இருமல். பாடகர் குழு இன்றைக்குச் சீக்கிரமே கலைந்துவிட்டது போலிருக்கிறது. "ஸ்டெல்லா, இன்னுமா ஜெபம்?" என்று குரல் வந்தது. மாமி பெட்டியை மடியில் இழுத்துக்கொண்டு, "இன்னைக்கி மருமகளும் ஜெபத்துல இருக்கா, உள்ள வராதீங்க!" என்று கத்திவிட்டு, சிவப்புப் பொத்தானில் விரலை வைத்து, "கதவைப் போடு" என்று கிசுகிசுத்தாள்.

"அது விழாதே மாமி."

"விழும். தூக்கிப் போடு."

பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு இமெல்டா கதவுக்குக் கீழே முட்டியைக் கொடுத்தாள். குடத்தில் இடித்துக்கொண்ட அதே முட்டி, நாலு விரல் அளந்து பார்த்த அதே முட்டி. கதவு மேலே ஏறியது, துருவும் உப்பும் பொலபொலவென்று உதிர்ந்தது, பின்னால் மாமி பொத்தானை அமுக்கி டுப் என்றாள், டுப்-டுப் என்றாள், அதற்கப்புறம் வர வேண்டிய இடத்தில், கொஞ்சமும் தப்பாமல், ச்சிக் என்று தாழ்ப்பாள் விழுந்தது.